மான்ட்கமரி நடை டூர்: 48 டாலர், மூன்று மணி நேரம், ஒரு ஏப்ரன்

அமெரிக்காவின் அலபாமா மாநிலத் தலைநகர் மான்ட்கமரியில், கறுப்பினத்தவரின் உரிமைப் போராட்டம் நடந்த இடங்களைச் சுற்றிக் காட்டும் டூர் இது. முதலில் கணக்கு. ஆளுக்கு 48 டாலர், மூன்று மணி நேரம், பாதி நடை பாதி வேன், மதியச் சாப்பாடு சேர்த்தி. அட்லாண்டாவிலிருந்து காரில் இரண்டரை மணி நேரம் ஆகும். அலபாமாவுக்குள் நுழைந்ததும் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகும் என்பதை மறந்துவிட்டு ஒன்பது மணி டூருக்கு எட்டு மணிக்கே போய் நின்றோம். ஒரு காபிக் கடைகூடத் திறக்கவில்லை, ஜூலை வெயில் மட்டும் கடை திறந்து வைத்திருந்தது. டூர் நடத்துகிறவர்களின் பெயரைப் போடப் போவதில்லை, ஒரு குடும்பம் நடத்தும் சின்ன வியாபாரம், நான் குறை சொல்லப் போவதும் கொஞ்சம் இருக்கிறது. இந்த ஊரில் இதே மாதிரி இன்னும் சில டூர்கள் இருக்கின்றன. எதில் போனாலும் சரி, சில விஷயங்களைத் தெரிந்துகொண்டு போனால் கொடுத்த காசுக்கு மேலேயே கிடைக்கும்.

நல்லதை முதலில் சொல்கிறேன். வேனில் ஏசி ஒழுங்காக வேலை செய்தது. தண்ணீர் பாட்டில் கேட்காமலே கொடுத்தார்கள், கழிவறைக்கு மூன்று இடத்தில் நிறுத்தினார்கள். கைடு ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், அறுபதைத் தாண்டியவர், மைக் வேண்டாத குரல். மார்ட்டின் லூதர் கிங்கின் பேச்சை அவர் ஏற்ற இறக்கத்தோடு சொல்லும்போது ரோட்டில் போகிறவர்கள்கூட நின்று கேட்டார்கள். எங்கள் குழுவில் பதினொரு பேர். நாங்கள் இரண்டு பேரைத் தவிர எல்லோரும் கறுப்பினத்தவர். ஒரு கல்லூரி மாணவி, சிகாகோவிலிருந்து வந்த ஒரு பெரிய குடும்பம், எழுபதைத் தாண்டிய ஒரு தம்பதி. இந்த டூருக்கு நான் கொடுக்கும் நட்சத்திரத்தில் பாதி அந்த மாணவிக்கும் அந்த வயதான அம்மாவுக்கும் போக வேண்டியது.

கோர்ட் ஸ்கொயரில்தான் ஆரம்பம். 2019 டிசம்பர் 1-ம் தேதி திறந்த ரோசா பார்க்ஸ் சிலை அங்கே இருக்கிறது. கைடு சொன்ன கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். 1955-ல் வேலை முடிந்து களைத்துப்போன ஒரு தையல்கார அம்மா பஸ்ஸில் வெள்ளைக்காரருக்கு இடம் விட மறுத்துக் கைதானார், கிங் என்ற 26 வயது இளம் பாஸ்டர் தலைமை ஏற்றார், 381 நாள் மக்கள் பஸ்ஸில் ஏறாமல் நடந்தார்கள், ஜெயித்தார்கள். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் களைப்பு என்று சொன்னால் அந்த அம்மாவுக்கே பிடிக்காது, விட்டுக்கொடுத்து விட்டுக்கொடுத்துத்தான் களைத்துப்போனேன் என்று பின்னால் அவரே எழுதிவிட்டார். 1943-லிருந்தே, கறுப்பினத்தவர் உரிமைக்காகப் போராடும் என்ஏஏசிபி அமைப்பின் கிளையில் செயலாளர் வேலை பார்த்தவர் அவர். 1944-ல் ஆபெவில் ஊரில் ரீசி டெய்லர் என்ற 24 வயதுக் கறுப்பினப் பெண் சர்ச்சிலிருந்து வீட்டுக்கு நடந்து போகும்போது வெள்ளைக்கார ஆண்கள் துப்பாக்கி காட்டிக் கடத்திப்போய்க் கூட்டு வன்புணர்வு செய்தார்கள். அதை விசாரிக்க ஆபெவிலுக்குப் போனவர் ரோசா பார்க்ஸ். இரண்டு முறை ஜூரி கூடியும் ஒருவன் மேல்கூட வழக்கு நிற்கவில்லை, 2011-ல்தான் அலபாமா சட்டமன்றம் மன்னிப்புக் கேட்டது. தையல்கார அம்மா என்று மட்டும் சொல்லி முடித்தால் இந்தப் பதினோரு பன்னிரண்டு வருஷ வேலை எங்கே போகும்?

சிலைக்குப் பக்கத்திலேயே நான்கு பெண்களுக்கு நினைவுக் கல் வைத்திருக்கிறார்கள். ஆரேலியா பிரௌடர், சூசி மெக்டொனால்ட், கிளாடெட் கோல்வின், மேரி லூயிஸ் ஸ்மித். கைடு அந்தக் கற்களுக்கு முதுகைக் காட்டி நின்றபடியேதான் கிங் பற்றிப் பத்து நிமிஷம் பேசினார், வேண்டுமென்று செய்ததில்லை, நிழல் அந்தப் பக்கம் இருந்தது. மான்ட்கமரி பஸ்களில் இனப் பிரிவினை சட்டப்படி ஒழிந்தது இந்த நான்கு பேர் போட்ட பிரௌடர் எதிர் கேல் வழக்கால். 1956 ஜூனில் கீழ்க் கோர்ட்டில் தீர்ப்பு, நவம்பர் 13-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. வழக்குப் போட்டவர்களில் ஒரு ஆண்கூட இல்லை.

மாணவி கையைத் தூக்கினாள். கிளாடெட் கோல்வின் ரோசா பார்க்ஸுக்கு ஒன்பது மாதம் முன்னாலேயே, 1955 மார்ச் 2-ம் தேதி, இதே ஊரில் இடம் விட மறுத்துக் கைதானவர்தானே, பதினைந்து வயது, அப்போதே ஏன் பஸ்ஸைப் புறக்கணிக்கவில்லை என்று கேட்டாள். கைடு சிரித்துக்கொண்டே, நல்ல கேள்வி, சாப்பாட்டு நேரத்தில் பேசுவோம் என்றார். டூர் பேப்பரில் ‘கேள்வி நேரம்’ என்று தனியாக ஒன்று கிடையாது, அதைக் குறையாக எழுதிக்கொள்ளுங்கள்.

பதிலை நானே சொல்லிவிடுகிறேன். கோல்வின் சின்னப் பெண், ஏழை வீடு, கறுத்த நிறம், வாய்த்துடுக்கு என்று பெயர். தலைவர்கள் யோசித்தார்கள். கொஞ்ச நாளில் கல்யாணம் ஆகாமலே கர்ப்பம் என்று தெரிந்ததும் யோசனையை விட்டுவிட்டார்கள். அக்டோபரில் 18 வயது மேரி லூயிஸ் ஸ்மித் கைதானபோது அவள் அப்பா குடிகாரர் என்று ஒரு பேச்சு கிளம்பியது. அது பொய் என்று ஸ்மித் பின்னால் சொன்னார், அதற்குள் ஆளை ஒதுக்கியாகிவிட்டது. வெள்ளைக்காரப் பத்திரிகைகள் கறுப்பினப் பெண்ணின் ஒழுக்கத்தைப் பற்றி எழுதக் காத்துக்கொண்டிருந்த காலம், அதனால் தலைவர்களுக்குப் பயம் இருந்தது நிஜம். ஆனால் ‘நல்ல பெண்’ யார் என்று முடிவு செய்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள், அந்தத் தராசில் எந்த ஆணையும் ஏற்றி நிறுத்துப் பார்க்கவில்லை. அதே கோல்வின் கைக்குழந்தையோடு இருந்த நேரத்தில், 1956 மே மாதம், கோர்ட்டுக்கு வந்து சாட்சி சொன்னார். அப்புறம் நியூயார்க் போய் முப்பது வருஷத்துக்கு மேல் நர்ஸ் உதவியாளராக வேலை பார்த்தார். அந்தக் கைதுப் பதிவைக் கோர்ட் அழித்தது 2021-ல்.

அடுத்து கிங் பாஸ்டராக இருந்த டெக்ஸ்டர் அவென்யூ சர்ச், சிவப்புச் செங்கல் கட்டடம், தெருக் கோடியில் மாநிலத் தலைமைச் செயலகம் வெள்ளையாக நிற்கும். அந்த வளாகத்தில் டாக்டர் மேரியன் சிம்ஸுக்குச் சிலை இருக்கிறது, கைடு அதைச் சொல்லவே இல்லை. 1840-களில் இதே ஊரில் அடிமைப் பெண்கள் மேல் மயக்க மருந்து இல்லாமல் திரும்பத் திரும்ப அறுவை செய்து ‘நவீன மகளிர் நோய் மருத்துவத்தின் தந்தை’ ஆன ஆள் அவர். அந்தப் பெண்களில் மூன்று பேருக்கு, அனார்கா, லூசி, பெட்சி, பழைய இரும்புத் துண்டுகளை ஒட்டவைத்து மிஷேல் பிரௌடர் என்ற கலைஞர் 2021-ல் பெரிய சிலைகள் செய்து வைத்திருக்கிறார். டூரில் அது கிடையாது, முடிந்த பிறகு நாங்களே காரில் போய்ப் பார்த்தோம். நீங்களும் போங்கள், அரை மணி நேரம் போதும், கூட்டமும் இல்லை.

சர்ச்சுக்குள் கைடு பிரசங்க மேடையைக் காட்டினார். நான் உட்காரும் பெஞ்சுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜோ ஆன் ராபின்சன் இந்தச் சர்ச்சில் உறுப்பினர், அலபாமா ஸ்டேட் காலேஜில் ஆங்கிலப் பேராசிரியர், 1946-ல் மேரி ஃபேர் பர்க்ஸ் ஆரம்பித்த பெண்கள் அரசியல் கவுன்சிலின் தலைவர். 1949-ல் பஸ் டிரைவர் ஒருவர் கத்தி விரட்டியதில் அழுதுகொண்டே இறங்கிப் போனவர், 1954 மே மாதமே மேயருக்குக் கடிதம் எழுதி, பஸ்ஸைப் புறக்கணிப்போம் என்று எச்சரித்திருந்தார். அப்போது கிங் இந்த ஊருக்கு முழுதாக வந்து சேரக்கூட இல்லை. ரோசா பார்க்ஸ் கைதான அன்று ராத்திரி காலேஜுக்குப் போய், இரண்டு மாணவர்களையும் உடன் வேலை பார்க்கும் ஒருவரையும் வைத்துக்கொண்டு, விடிய விடிய சைக்ளோஸ்டைல் மெஷினில் 35,000-க்குக் குறையாமல் துண்டறிக்கை ஓட்டினார். காலையில் வகுப்பும் எடுத்தார். ‘டிசம்பர் 5, திங்கட்கிழமை பஸ்ஸில் ஏறாதீர்கள்’ என்று ஊருக்குச் சொன்னது அந்தத் தாள். கைடு சொன்ன கதையில் இவருக்கு ஒரே ஒரு வாக்கியம் கிடைத்தது, ‘பெண்களும் உதவினார்கள்’ என்பதில் உள்ள ‘பெண்களும்’ அவர்தான்.

அதே திங்கள் மதியம் பாஸ்டர்கள் கூடிய கூட்டத்தைப் பற்றிக் கைடு ரொம்ப ரசித்துச் சொன்னார். பெயர் வெளியே தெரியாமல் ரகசியமாகச் செய்யலாமா என்று சிலர் இழுத்தார்களாம். ஈ.டி. நிக்சன், ரயில் போர்ட்டர், தொழிற்சங்கக்காரர், ரோசா பார்க்ஸை ஜாமீனில் எடுத்தவர், எழுந்து வெளுத்து வாங்கினார். இத்தனை காலம் துணி வெளுக்கிற பெண்களின் உழைப்பில் சாப்பிட்டீர்களே, அவர்களுக்கு என்ன செய்தீர்கள், ஏப்ரனைக் கழற்றுங்கள், ஆண்பிள்ளைகளாக இருங்கள் என்று. குழுவே கை தட்டியது, நானும்தான் தட்டினேன். அப்புறம்தான் உறைத்தது, கோழைத்தனத்துக்கு அவருக்குக் கிடைத்த வசவு ஏப்ரன். இதே நிக்சன் பெண்களுக்கு அடுப்படியைத் தவிர வேறெங்கும் வேலையில்லை என்று சொல்வாராம். அப்போ நான் என்று ரோசா பார்க்ஸ் கேட்டால், எனக்கு ஒரு நல்ல செயலாளர் வேண்டுமே என்பாராம். ரோசா பார்க்ஸே எழுதியது இது. அன்று மாலை ஹோல்ட் தெரு சர்ச்சில் ஆயிரக்கணக்கான பேர் கூடினார்கள், ரோசா பார்க்ஸை மேடையில் அறிமுகம் செய்தார்கள், பேசியவர்கள் மற்றவர்கள்.

வேனில் ஏறியதும் சண்டை. சண்டை என்று சொல்லக் கூடாது, குரல் உயரவில்லை, ஆனால் ஏசி தேவைப்படாத அளவுக்குக் குளிர்ந்துபோனது. மாணவி ஆரம்பித்தாள். 1963 வாஷிங்டன் பேரணியில் பெரிய பேச்சு ஒன்றுகூடப் பெண்ணுக்குத் தரவில்லை, ஏற்பாட்டுக் குழுவில் இருந்த ஒரே பெண் அன்னா ஹெட்ஜ்மன் எதிர்த்துக் கேட்ட பிறகும் டெய்சி பேட்ஸுக்கு ஒரு நிமிஷம் கிடைத்தது, பெண் தலைவர்களைத் தனித் தெருவில் நடக்க விட்டார்கள். கிங்கின் அமைப்பையே ஓட்டிய எல்லா பேக்கர் என்ற பெண்ணுக்கு ‘தற்காலிக’ இயக்குநர் பதவிதான். செப்டிமா கிளார்க் என்ற பெண் அந்த அமைப்பின் நிர்வாகக் குழுவில் ஏன் இருக்கிறார் என்று கிங்கின் கூட்டாளி ஏபர்நேத்தி திரும்பத் திரும்பக் கேட்பார் என்று கிளார்க்கே சொல்லியிருக்கிறார். இதையெல்லாம் நீங்கள் ஏன் சொல்வதில்லை என்று கேட்டாள்.

பதில் கைடிடமிருந்து வரவில்லை, அந்த வயதான தாத்தாவிடமிருந்து வந்தது. அவர் அப்பாவை, ஐம்பது வயது ஆளை, வெள்ளைக்காரச் சின்னப் பையன் ‘டேய் பையா’ என்று கூப்பிட்டதைப் பார்த்து வளர்ந்தவராம். 1955 ஆகஸ்டில் எம்மெட் டில் என்ற பதினான்கு வயதுப் பையனை அடித்துக் கொன்றார்கள், கொன்றவர்களை ஜூரி அடுத்த மாதமே விடுவித்தது. 1968-ல் மெம்பிஸ் துப்புரவுத் தொழிலாளர்கள் ‘நான் ஒரு ஆண், நான் ஒரு மனிதன்’ என்று இரண்டு அர்த்தமும் வரும்படி அட்டை ஏந்தி நின்றது இதற்காகத்தான். எங்கள் ஆண்களை முன்னால் நிற்க யாரும் விடாத ஊரில் அவர்கள் முன்னால் நின்றார்கள், அதை ஆதிக்கம் என்று சொன்னால் எனக்கு வலிக்கிறது பெண்ணே என்றார். எனக்கு அவரை மறுத்துப் பேச வாய் வரவில்லை. மாணவிக்கு வந்தது. வலிக்கட்டும் சார், ஆனால் அந்த ஆண்மையை நிரூபிக்க வெள்ளைக்காரன் வீட்டு அளவுகோலைத்தானே எடுத்துவந்தோம், ஆண் முன்னால், பெண் பின்னால் என்று. 1965-ல் அரசின் மொய்னிஹன் அறிக்கை வந்து, கறுப்பினக் குடும்பங்கள் கெட்டதற்குப் பெண்கள் கை ஓங்கியது ஒரு காரணம் என்றபோது நம் ஆட்களில் எத்தனை பேர் தலையாட்டினார்கள் என்று கேட்டாள்.

அப்புறம் அவள் ஒரு வழக்கைச் சொன்னாள், என் மூளையில் ஒட்டிக்கொண்டது. ஜெனரல் மோட்டார்ஸ் மேல் ஐந்து கறுப்பினப் பெண்கள் போட்ட வழக்கு. கம்பெனி பெண்களை வேலைக்கு எடுத்திருக்கிறது, ஆபீசில், வெள்ளைக்காரப் பெண்கள். கறுப்பினத்தவரையும் எடுத்திருக்கிறது, பட்டறையில், ஆண்கள். அப்புறம் எங்கே பாகுபாடு என்று 1976-ல் கோர்ட் சொல்லிவிட்டது, இனத்தையும் பாலினத்தையும் சேர்த்துப் புதிதாக ஒரு வகையை உண்டாக்க முடியாதாம். இந்த வழக்கை வைத்துத்தான் கிம்பர்லே கிரென்ஷா 1989-ல் ‘இன்டர்செக்ஷனாலிட்டி’ என்ற சொல்லைக் கொண்டுவந்தார், இரண்டு ரோடும் வெட்டிக்கொள்ளும் சந்தியில் அடிபட்டுக் கிடக்கிறவளுக்கு எந்த ரோட்டு ஆம்புலன்ஸும் வராது என்கிற மாதிரி. புத்தகத்தில் படித்தபோது மண்டையில் ஏறாத விஷயம் மான்ட்கமரி வேனில் ஐந்து நிமிஷத்தில் ஏறியது.

பாஸ்டர் குடியிருப்பு, கிங் குடும்பம் இருந்த வீடு, இந்த டூரிலேயே அருமையான இடம். இதற்காகவே போகலாம். 1956 ஜனவரி 30-ம் தேதி வாசலில் குண்டு போட்டபோது உள்ளே கோரெட்டாவும் இரண்டு மாதக் குழந்தையும் இருந்தார்கள், கிங் கூட்டத்தில் இருந்தார். நடு ராத்திரியில் கிங் தனியாக உட்கார்ந்து ஜெபம் செய்த சமையலறை மேஜையைக் கைடு காட்டும்போது குரலைத் தாழ்த்தினார், எங்களுக்கும் புல்லரித்தது. நான் அடுப்பைப் பார்த்தேன். கிங்கின் மனைவி கோரெட்டா பாஸ்டனில் நியூ இங்கிலாந்து கன்சர்வேட்டரியில் முறையாகச் சங்கீதம் படித்தவர். 1953-ல் கல்யாண உறுதிமொழியிலிருந்து ‘கீழ்ப்படிவேன்’ என்ற சொல்லை எடுக்கச் சொன்னவர், நடத்தி வைத்த மாமனாரும் எடுத்தார். அப்புறமும் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இரு என்பதுதான் கிங்கின் விருப்பமாக இருந்தது, அதைக் கோரெட்டாவே சொல்லியிருக்கிறார். 1964-லிருந்து ஊர் ஊராகப் பாடி இயக்கத்துக்குப் பணம் திரட்டினார். கைடு அவரை ‘உற்ற துணை’ என்று ஒரு வார்த்தையில் முடித்தார். நான் மாணவியைப் பார்த்தேன், அவள் கூரையைப் பார்த்தாள்.

சாப்பாடு. பொரித்த கோழி, மக்கரோனி சீஸ், காலர்ட் கீரை, சோள ரொட்டி, பவுண்ட் கேக். கோழிக்கு ஐந்து நட்சத்திரம், தோல் மொறுமொறு, உள்ளே சாறு. சைவக்காரர்கள் கவனிக்க, கீரையில் பன்றி எலும்பு போட்டுத்தான் வேகவைக்கிறார்கள், கேட்டால்தான் சொல்வார்கள். பவுண்ட் கேக் வந்ததும் அந்தப் பாட்டி, தாத்தாவின் மனைவி, அதுவரை ஒரு வார்த்தை பேசாதவர், ஜார்ஜியா கில்மோர் பற்றிச் சொல்ல மாட்டீர்களா என்று கைடைக் கேட்டார். கைடுக்கு முகம் மலர்ந்துவிட்டது, ஐயோ எனக்கு ரொம்பப் பிடித்தவர் என்றார். பிடித்தவரை ஏன் கேட்டால்தான் சொல்கிறீர்கள் என்று எனக்கு நாக்கு நுனி வரை வந்தது.

ஜார்ஜியா கில்மோர் ஹோட்டலில் சமையல் வேலை பார்த்தவர். பஸ் டிரைவர் காசை வாங்கிக்கொண்டு பின் வாசலில் ஏறு என்று சொல்லிவிட்டு, இவர் இறங்கிப் பின்னால் போவதற்குள் வண்டியை எடுத்துவிட்டார். அதை 1956-ல் கிங் மேல் நடந்த வழக்கில் கோர்ட்டில் சொன்னார், வேலை போனது. புறக்கணிப்பு ஆரம்பித்ததிலிருந்தே அவரும் இன்னும் பல பெண்களும் கோழி சாண்ட்விச், கேக், பை எல்லாம் செய்து விற்றார்கள், அழகு நிலையங்களில் வைத்தும் விற்றார்கள், ஏனென்றால் அங்கே முதலாளியும் வாடிக்கையாளரும் கறுப்பினப் பெண்கள், வெள்ளைக்காரன் வேலையை விட்டு நிறுத்திவிடுவான் என்ற பயம் இல்லை. வெள்ளைக்காரர்களும் வாங்கினார்கள், எங்கே போகும் பணம் என்று தெரியாமலே. யார் கொடுத்தது என்று கேட்டால் எங்கிருந்தும் இல்லை என்பதுதான் பதில், குழுவுக்குப் பெயரே ‘எங்கிருந்தும் வராத மன்றம்’. வீட்டு வேலைக்காரப் பெண்களை ஏற்றிப் போன கார்களுக்குப் பெட்ரோல் அந்த கேக்கிலிருந்தும்தான் வந்தது. வேலை போன பிறகு கிங் சொல்லி, வீட்டிலேயே சமைத்துப் போட ஆரம்பித்தார், அந்த வீட்டு முன்னால் இப்போது நினைவுப் பலகை இருக்கிறது. டூர் வேன் அந்தத் தெருப் பக்கம் போகவில்லை.

பாட்டி அப்புறம் தன் அம்மாவைப் பற்றிச் சொன்னார். வெள்ளைக்காரர் வீட்டில் வேலை, 381 நாளும் போக வர நடை. ஒரு ஞாயிறு பாஸ்டர் மேடையிலிருந்து, நடக்கிற நம் அம்மாக்களுக்காக எழுந்து நில்லுங்கள் என்றாராம், சர்ச்சே எழுந்து நின்றதாம். அம்மா அப்போது கீழ்த்தளத்துச் சமையலறையில் எல்லோருக்கும் கோழி பொரித்துக்கொண்டிருந்தாராம், மேலே கைதட்டல் கேட்டு, என்னடி சத்தம் என்று கேட்டாராம். தாத்தா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, எனக்கு இதை நீ சொன்னதே இல்லையே என்றார். ஐம்பத்திரண்டு வருஷத்தில் நீங்கள் கேட்டதில்லையே என்றார் பாட்டி, சொல்லிவிட்டு அவர் தட்டில் இன்னொரு துண்டு கேக்கையும் வைத்தார்.

ஆக மொத்தம் டூருக்கு ஐந்தில் மூன்று. சாப்பாட்டைத் தனியாகக் கேட்டால் நாலரை. கைடுக்கு எல்லாமே தெரியும், அதுதான் என் கோபம், தெரியாதவர் என்றால் பாவம் என்று விட்டிருப்பேன். போகிறவர்கள் முதல் நிறுத்தத்திலேயே அந்த நான்கு கற்களைக் காட்டி இவர்கள் யார் என்று கேட்டுவிடுங்கள், மனிதர் உற்சாகமாகச் சொல்வார். தொப்பி எடுத்துப் போங்கள், ஹீல்ஸ் வேண்டாம், டிப்ஸ் பணமாக வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் பரிசுக் கடை. டி-ஷர்ட், காந்தம், கப் எல்லாவற்றிலும் கிங், சிலவற்றில் ரோசா பார்க்ஸ். மூலையில் ஏப்ரன் தொங்கியது, 28 டாலர், அதிலும் கிங்தான். ஏப்ரனில் போடுவதற்கு ஜார்ஜியா கில்மோர் இல்லையா என்று கல்லாவில் இருந்த பெண்ணிடம் கேட்டேன். பெரியப்பாவிடம் நான் மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன் மேடம் என்றாள், பெரியப்பா என்றது நம் கைடை. என் கணவர் ஞாயிற்றுக்கிழமை தோசை ஊற்றுகிறவர், அவருக்கு ஒன்று வாங்கினோம். துணி கெட்டி, பை ஆழம், ஆனால் இடுப்புக் கயிறு நீளம் போதவில்லை, மூன்றாவது துவைப்பில் ஒரு பக்கம் கையோடு வந்துவிட்டது, ஏப்ரனுக்கு இரண்டு நட்சத்திரம்.